செம்பட்டி வரைக்கும் யோசிக்கலாம்

இல்லண்ணே, பை மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா அவசரத்துல மறந்துருவேன். செம்பட்டியில இறங்குனாலும் இறங்குவேன், இறங்காமலும் இருப்பேன், அது இன்னும் முடிவாகல. நீங்க திண்டுக்கல்லா? நானும் டிக்கெட் திண்டுக்கல்லுக்குத்தான் எடுத்திருக்கேன். சும்மா ஒரு பாதுகாப்புக்கு. செம்பட்டிக்கு எடுத்துட்டு அங்க போயி மனசு மாறிருச்சுன்னா கண்டக்டர்ட்ட பேச்சு வாங்கணும்ல.

தூங்கப் போறீங்களா? தூங்குங்கண்ணே. நான் தொந்தரவு பண்ண மாட்டேன், எனக்கு அதிகமா பேச வராது.

விஷயம் ஒண்ணுமில்ல. செம்பட்டியில இறங்கி பழனி வழியா போற பஸ்ஸப் பிடிச்சா கோயம்புத்தூரு. அங்க ஒரு பம்புசெட்டு கம்பெனியில கணக்குப் பிரிவுல வேலை, எங்க மாமா சொல்லி வச்சது. இறங்காம திண்டுக்கல் போயி சென்னை பஸ் ஏறுனா தீயணைப்புத் துறை. ஆமாண்ணே, செவப்பு வண்டி, மணி அடிச்சுக்கிட்டுப் போவாங்கள்ல, அதேதான். பயிற்சிக்கு ஆர்டர் வந்திருச்சு. ரெண்டு எடத்துலயும் நாளைக்குக் காலையில சேரணும். இப்ப தேவதானப்பட்டி. அப்புறம் வத்தலக்குண்டு, அப்புறம் செம்பட்டி. முக்கால் மணி நேரம் இருக்கு, நிதானமா யோசிக்கலாம்.

பேரா? சுருளிவேல். சின்னமனூர் பக்கம். பி.காம் முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு. பி.காம் படிச்சவனுக்கு நெருப்போட என்ன பேச்சுன்னு நீங்க கேப்பீங்க. கேக்கலயா? எல்லாரும் கேப்பாங்கண்ணே. சொல்றேன்.

ஏப்ரல் மாசம் தீத்தொண்டு வாரம்னு ஒண்ணு வரும். அப்ப தீயணைப்பு வண்டி காலேஜுக்கு வந்து ஒத்திகை காட்டுவாங்க. நாங்க மூணாவது வருஷம். மைதானத்துல பழைய டயரப் போட்டுக் கொளுத்தி, ரெண்டாவது மாடியில ஒருத்தன் மாட்டிக்கிட்ட மாதிரியும், அவன இவங்க தோள்ல தூக்கிட்டு வர்ற மாதிரியும் ஏற்பாடு. மாட்டிக்கிட்டவனா யாரப் போடுறதுன்னு வகுப்பே யோசிச்சுச்சு. நான் அப்ப அம்பத்தோரு கிலோ. யோசிக்கவே வேணாம்னு என்னையத் தள்ளி விட்டாங்க. தலையில துணி கட்டி, குங்குமத்தத் தண்ணியில கரைச்சு ஊத்தி, செத்தவன் மாதிரி படுடான்னாங்க. படுத்தேன்.

சூசைமாணிக்கம்னு ஒரு அண்ணன் ஏறி வந்தாரு. நல்ல கறுப்பு, பெரிய மீசை. வந்தவரு ஒண்ணும் பேசல, என்னைய ஒரு சுத்து சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டாரு. தலை கீழ, காலு மேல. மாடிப்படி முழுக்க நான் தலைகீழாத்தான் வர்றேன். சனங்க தலைகீழா கை தட்டுறாங்க. பிரின்ஸ்பால் தலைகீழா சிரிக்கிறாரு. எனக்கு ஒரே குஷி. அப்படியே பின்பக்க ஜன்னல் வந்துச்சா, அதுல பாத்தேன், கேன்டீன்ல புகை.

டயர் எரியிறது முன்னாடி மைதானத்துல. கேன்டீன் இருக்கிறது பின்னாடி. அங்க எதுக்குப் புகைன்னு பாத்தா, தீ. நெசத் தீ. என்ன ஆச்சுன்னா, கேன்டீன் மாஸ்டர் வடைக்கு எண்ணெயக் காய வச்சிட்டு, தீயை எப்படி அணைக்கிறாங்கன்னு பாக்க மைதானத்துக்கு வந்துட்டாரு. முன் வரிசையில நின்னு கை தட்டிக்கிட்டு இருக்காரு மனுஷன்.

நான் கத்துறேன். கேன்டீன்ல தீ, கேன்டீன்ல தீன்னு தொண்டை கிழியக் கத்துறேன். அம்புட்டு சனமும் விழுந்து விழுந்து சிரிக்குது. எங்க துறைத் தலைவர் மைக்கப் பிடிச்சாரு. "பார்த்தீர்களா மாணவர்களே, ஆபத்தில் சிக்கியவர் பதற்றத்தில் எப்படியெல்லாம் கத்துவார் என்பதைச் சுருளிவேல் தத்ரூபமாக நடித்துக் காட்டுகிறார்." உடனே இன்னும் கைதட்டல். நான் கால உதைக்கிறேன், கைய ஆட்டுறேன். ஆட்ட ஆட்ட விசில் பறக்குது.

சூசைமாணிக்கம் அண்ணன் மட்டும் நின்னாரு. என்னைய இறக்கி நிக்க வச்சு மூஞ்சியப் பாத்தாரு. "நெசமாவா தம்பி?"ன்னாரு. "ஆமாண்ணே"ன்னேன். அவ்வளவுதான், ரெண்டாவது கேள்வி கெடையாது. ஓடுனாரு. கேஸ மூடி, சாக்க நனைச்சு வாணலி மேல போட்டு, சுவத்துல பிடிச்சத அணைச்சு, ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டாங்க. பின்னாடியே வந்த சனம் அதுக்கும் கை தட்டுச்சு. ஒத்திகையில ரெண்டாவது காட்சின்னு நெனச்சிருக்காங்க. ஆண்டு விழாவுல எனக்குக் கோப்பை குடுத்தாங்கண்ணே, இயல்பான நடிப்புக்காகன்னு. வீட்ல டிவி மேல இருக்கு.

எனக்கு அந்தக் கோப்பையெல்லாம் பெருசில்ல. நெசமாவான்னு கேட்டு, ஆமான்னதும் ஓடுனாரு பாருங்க, அது. நான் சொன்னத ஒரே தடவையில யாரும் நம்பி நான் பாத்ததில்ல. வகுப்புல நம்ப மாட்டாங்க, வீட்ல நம்ப மாட்டாங்க. காய்ச்சல்னு சொன்னாக்கூட அம்மா தொட்டுப் பாத்துட்டுத்தான் கஞ்சி வைக்கும். ஊரே சிரிக்கிறப்ப ஒரு மனுஷன் நம்புறாரு. நம்புறதுதான் அவங்க வேலையே. எவனாவது போன்ல தீன்னு சொன்னா, கிண்டலா நெசமான்னு ஆராய்ச்சி பண்ண மாட்டாங்க, வண்டிய எடுத்துருவாங்க. அந்த வேலை எனக்கு வேணும்னு அன்னைக்கே தோணிருச்சுண்ணே.

வத்தலக்குண்டு வந்துருச்சு. டீ குடிக்கிறீங்களா? வேணாமா? நீங்க தூங்குங்க, நான் சத்தமில்லாமத்தான் பேசுறேன்.

அப்புறம் நான் தீயணைப்பு ஸ்டேஷனுக்கு அடிக்கடி போக ஆரம்பிச்சேன். தீயெல்லாம் எப்பவாச்சும்தான். மத்த நேரம் பூராவும் பாம்பு, கிணத்துல விழுந்த மாடு, விரல்ல மாட்டுன மோதிரம். ஒரு தடவ ஒரு பொண்ணு குடத்துக்குள்ள தலைய விட்ட நாயைக் கூட்டிட்டு வந்துச்சு. குடத்தோட நாய் நடந்து வருது. எனக்குப் பாம்புன்னா ஆகவே ஆகாது, அத சூசைமாணிக்கம் அண்ணன்ட்ட சொன்னேன். "எனக்குந்தான்"ன்னுட்டு சாப்பிடப் போயிட்டாரு.

போலீசு, ஜெயிலு, தீயணைப்பு, மூணுக்கும் ஒரே பரீட்சை. எது வேணும்னு வரிசை போடணும். என் கூட்டாளி அஜ்மல் சொன்னான், "போலீச மொதல்ல போடுறா, பைக்க எவனும் நிறுத்த மாட்டான்." நான் தீயணைப்ப மொதல்ல போட்டேன். போடுறதுக்கு முன்னாடி அம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டேன், அதுதான் நான் பண்ணுன தப்பு.

எங்கம்மா பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்குது. முத்துப்பேச்சின்னா ஊருக்கே தெரியும். அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி சாம்பார் அண்டா சாஞ்சு, முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் வெந்து போச்சு. இன்னும் அந்தத் தோலு வேற நெறமாத்தான் இருக்கு. நான் தீயணைப்புன்னு சொன்னதும் அந்தக் கைய என் மூஞ்சிக்கு நேரா நீட்டுச்சு. "இது அடுப்புல இருந்த நெருப்பு. அடங்கின நெருப்பு. அடங்காத நெருப்புக்கு என் புள்ளையக் குடுக்க மாட்டேன். என்னைய மீறிப் போனே, அப்புறம் உன் கூடப் பேச மாட்டேன்"னுச்சு. அப்பா லாரியில வடக்க போயிருந்தாரு. போன் போட்டுக் கேட்டா, "அம்மா என்ன சொல்லுதோ அதான்"ன்னு வச்சுட்டாரு.

பேச மாட்டேன்னா பேசாதுண்ணே. எங்க சித்தி கூட எட்டு வருஷமா பேசல. எதுக்குன்னு ரெண்டு பேருக்குமே மறந்து போச்சு, ஆனா பேசல. அம்மா என்கூடப் பேசலைன்னா எனக்கு சோறு எறங்காது. அதனால நான் என்ன பண்ணுனேன், எல்லாத்தையும் ரகசியமாப் பண்ணுனேன். எனக்கு ரகசியம் நல்லா வரும். இன்னைக்கு வரைக்கும் அம்மாவுக்கு ஒரு துளி தெரியாது.

பரீட்சை எழுதப் போனப்ப, நான் வேலைக்கு நின்ன மொபைல் கடைக்கு சாமான் எடுக்கப் போறேன்னேன். ரிசல்ட் வந்த அன்னைக்கு வீட்டுக்குள்ள ஒரே ஆட்டம். என்னடான்னுச்சு. இந்தியா ஜெயிச்சிருச்சுன்னேன். அன்னைக்கு மேட்சே கெடையாது, அதுக்கு எங்க தெரியப் போகுது.

அடுத்து உடல் தகுதி. அதுல கயிறு ஏறணும். நம்ம ஒடம்புக்கு மத்ததெல்லாம் பரவாயில்ல, கயிறுதான் பயம். பயிற்சிக்கு எங்க போறது? தேனியில ஒருத்தர் பணம் வாங்கிக்கிட்டு சொல்லித் தர்றாரு, வீட்டுக்குத் தெரியாம போக முடியாது. முழிச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு அதிர்ஷ்டம் பாருங்கண்ணே, அந்த வாரமே அம்மாவுக்கு மாடு வாங்கணும்னு ஆச வந்துருச்சு. மாடு வாங்குறதுக்கு முன்னாடி கயிறு வாங்குற ஆளு ஒலகத்துலயே எங்கம்மா மட்டும்தான். அதுவும் சும்மா கயிறா, தேங்காநார்க் கயிறு, என் மணிக்கட்டு தண்டி. இருபத்தஞ்சு அடி. கடையில ரெண்டு கையாலயும் பிடிச்சு, தொங்கிப் பாத்து வாங்குச்சு. மாட்ட எந்த ஊருல மேய விடப் போறேன்னு கடைக்காரரே கேட்டாரு.

வீட்டுக்கு வந்து, புதுக் கயிறு முறுக்கு போகணும்னு வேப்ப மரத்துல ஒசந்த கெளையில கட்டித் தொங்க விட்டுருச்சு. கெளையில கட்டுனது நான்தான், அது கீழ நின்னு இன்னும் மேல, இன்னும் மேலன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நான் உள்ளுக்குள்ள சிரிக்கிறேன். நமக்கு வேணுங்கிறத நம்ம கையாலயே கட்ட வைக்குதே, பாவம் வெவரம் தெரியாத மனுஷின்னு.

தெனமும் காலையில அஞ்சு மணிக்கு அது தண்ணிக்குப் போகும். எங்க தெருவுல குழாய் இருக்கு, ஆனா அந்தத் தண்ணி ருசியா இல்லன்னு நாலு தெரு தள்ளிப் போகும். போறப்ப வாசல்ல நின்னு, "நான் தண்ணிக்குப் போறேன், ஆறு மணிக்குத்தான் வருவேன்"னு தெருவே கேக்குற மாதிரி சொல்லிட்டுப் போகும். கரெக்டா ஆறு மணிக்கு தெருமுனையில இருமும். அந்த இருமல் கேட்டதும் நான் இறங்கி உள்ள ஓடிப் படுத்துக்குவேன். நான் நல்லாத் தூங்குறதா நெனச்சு எழுப்பக்கூட எழுப்பாது. அது இருமுறதுக்கு ஆஸ்பத்திரியில காட்டும்மான்னு ஒரு நாள் சொன்னேன். மொறச்சுப் பாத்துச்சு.

மொதல் ரெண்டு வாரம் தொப்பு தொப்புன்னு விழுந்தேண்ணே. நல்ல வேளை, கீழ மணல் கெடந்துச்சு. சுவர் பூசணும்னு அம்மா ரெண்டு வண்டி மணல் எறக்கி, எடமில்லன்னு அந்த மரத்தடியில கொட்டி வச்சிருந்துச்சு. இல்லைன்னா இடுப்பு போயிருக்கும். சுவரு இன்னும் பூசல, அது வேற கதை.

உடல் தகுதிக்கு மூணு நாள் போகணும். அஜ்மல் அக்காவுக்கு மதுரையில கல்யாணம்னு சொன்னேன். அஜ்மலுக்கு அக்காவே கெடையாது. அம்மா ஒண்ணும் கேக்கல, மஞ்சப் பையில பன்னெண்டு அவிச்ச முட்டையும் ஒரு சீப்பு வாழப்பழமும் வச்சுக் குடுத்துச்சு. கல்யாண வீட்டுக்குப் போறவனுக்கு யாராச்சும் அவிச்ச முட்டை குடுத்து விடுவாங்களாண்ணே? நானும் அஜ்மலும் சிரிச்சு சிரிச்சு வயித்து வலி. ஆனா முட்டைய அம்புட்டையும் தின்னேன். அங்க கயித்துல கைக்கு மேல கையப் போட்டு மேல போயி உச்சிய தொட்டுட்டு கீழ பாக்குறேன், பின்னாடி நின்ன ஆளு இன்னும் செருப்பக் கழட்டிக்கிட்டு இருக்கான்.

ஆர்டர் வந்தப்பவும் அப்படித்தான் தப்பிச்சேன். தபால்காரர் அம்மா கையில குடுத்திருந்தா கதை கந்தல். நல்ல வேளை, நான் வீட்டுக்கு வந்தப்ப கவரு டிவி மேல, கோப்பைக்குள்ள செருகி இருந்துச்சு. யாரு வச்சாங்கன்னு தெரியல. ஓரம் மட்டும் பிரிஞ்சிருந்துச்சு, தபால்ல வர்றப்ப கிழிஞ்சிருக்கும்.

எல்லாம் சரிதான். ஆனா அதுக்கப்புறம்தான் பயம் வந்துருச்சுண்ணே. பரீட்சை எழுதுறது, கயிறு ஏறுறது எல்லாம் விளையாட்டு மாதிரி இருந்துச்சு. சேர்றதுன்னா பொய் சொல்லிச் சேரணும். மாமா கோயம்புத்தூர் வேலையச் சொன்னதும், போறேன்னு தலையாட்டிட்டேன். இன்னைக்குக் காலையில அம்மா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துச்சு. பைய அதுதான் தூக்கிட்டு வந்துச்சு. "இறங்குனதும் போன் போடு"ன்னுச்சு. எங்க இறங்குனதும்னு சொல்லல. ஒரு தடவகூட கோயம்புத்தூருங்கிற வார்த்தை அது வாயில வரல, இப்பத்தான் நெனப்பு வருது. பஸ் கிளம்புறப்ப அந்த வெந்த கைய ஒசத்திக் காட்டுச்சு. டாட்டா காட்டுச்சா, நெருப்ப நெனப்பு வச்சுக்கோன்னு காட்டுச்சான்னு தெரியல. அந்தக் கை கண்ணுலயே நிக்குது.

போயிட்டு அப்புறமா சொல்லிக்கலாம்னு ஒரு மனசு சொல்லுது. அது பேசாம போயிட்டா என்னடா பண்ணுவேன்னு இன்னொரு மனசு. தீக்குள்ள போகச் சொன்னாக்கூட போயிருவேண்ணே. அம்மா பேசாத வீட்டுக்குள்ள போக என்னால முடியாது. கணக்குப் பிரிவும் நல்ல வேலைதான். ஏசி போட்டிருப்பாங்களாம். நீங்க என்ன சொல்றீங்க?

என்னண்ணே?

வீட்ல எத்தன மாடு இருக்குன்னா கேக்குறீங்க? மாடா. மாடு இன்னும் வாங்கலண்ணே. வாங்கணும், வாங்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு, வாங்கல. அஞ்சு மாசம் ஆச்சு. கட்டுத்தறிகூட அடிக்கல. எங்கம்மாவுக்கு மாடுன்னாலே ஆகாதே. சின்னப் புள்ளையில ஒரு மாடு முட்டிருச்சாம், எதிர்ல மாடு வந்தா தெரு மாறிப் போகும். பாலுகூட எங்க வீட்ல பாக்கெட் பாலுதான்.

இருங்கண்ணே.

இருபத்தஞ்சு அடி. கடையில தொங்கிப் பாத்துச்சு.

மணலு. சுவரு பூசவே இல்ல. நான் விழுந்து விழுந்து மணல் சிதறிக் கெடக்கும், மறுநாள் பாத்தா கூட்டிக் குமிச்சிருக்கும். கேட்டா, கோழி கிளறிருச்சு, அதான் குமிச்சேன்னுச்சு. எங்க வீட்ல கோழியும் கெடையாது.

அவிச்ச முட்டை.

ஒரு நிமிஷம்ணே, போன் போட்டுக்கிறேன்.

அம்மா. நான்தான். இல்ல, இன்னும் இறங்கல, பஸ்லதான். ஒண்ணுமில்ல. அம்மா, அந்தக் கயிறு மரத்துல அப்படியே தொங்குதா? ஏம்மா அதுக்குள்ள அவுத்தே? ஓ. சரி. சரி. ம். சாப்பிடுறேன். இல்லம்மா, அழுகல, பஸ் சத்தம். வச்சிர்றேன்.

அவுத்து சுருட்டி பரண்ல போட்டுருச்சாம்ணே. ஏம்மா அதுக்குள்ள அவுத்தேன்னு கேட்டேன். "ஏறுனவன்தான் போயாச்சே, இனி எதுக்குத் தொங்கணும்"ங்குது. அப்புறம், "பையில அடியில தேங்கா எண்ணெய் வச்சிருக்கேன், கயிறு அறுத்த எடத்துல தடவிக்கோ, அங்க நெறைய ஏறச் சொல்லுவாங்க"ன்னுட்டு வச்சிருச்சு.

அழுகையா வருதுண்ணே. சிரிப்பும் வருது. அஞ்சு மாசமா நான்தான் அத ஏமாத்துறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

என்னது? செம்பட்டியா? நான் இல்லண்ணே, கண்டக்டரே, வேற யாராச்சும் இருக்கும். நான் திண்டுக்கல், டிக்கெட்டப் பாருங்க.

அண்ணே, கொஞ்சம் கால மடக்குங்க. பைய மேல வச்சிர்றேன்.